மார்க்கர் நாச்சிமுத்துவின் கை

அன்புள்ள நாச்சிமுத்து மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் செங்கோடன் எழுதிக்கொண்டது. இந்தக் கடுதாசியை எந்தத் தபால்காரனும் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கமாட்டான் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கழிந்ததும் இதைக் கொண்டுபோய்க் கிளப்பின் வாசிப்பு அறையில், பத்திரிகைகள் கிடக்கிற மேஜைமேல் வைத்துவிடப் போகிறேன். உங்களைப் பற்றி ஒரு வருஷமாகப் பேசியவர்கள், உங்களுக்கு எழுதியதையும் படித்துவிட்டுப் போகட்டும்.

பாவாயி என் வீட்டில்தான் இருக்கிறாள். தங்கை என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, வீட்டு அதிகாரம் முழுக்க அவள் கையில். இரண்டு எருமை பிடித்துப் பால் ஊற்றுகிறாள். உடம்பு இளைத்திருக்கிறது, வாய் இளைக்கவில்லை. நீங்கள் போன பிறகு முதல் மாதம் பேசாமல் இருந்தாள். அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது என்னைத் திட்டுகிறாள், அதனால் கவலையில்லை.

நாமக்கல்லில் இந்த வருஷம் தை மாதத்திலேயே கோட்டைப் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. யுத்தம் இன்னும் முடியவில்லை. கிளப்பின் பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் புதுத் துணி கேட்டு மதராசுக்கு எழுதினார்கள், யுத்தம் முடியட்டும் என்று பதில் வந்தது. இடது நடுப்பைக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டுப்போட்ட இடம் அப்படியேதான் இருக்கிறது. மெதுவாக வரும் பந்து அங்கே வந்ததும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது. மேஜையைப் பராமரித்து, ஆட்டத்துக்கு எண்ணிக்கை சொல்கிற உங்கள் வேலையை நான்தான் பார்க்கிறேன். பெரிய மார்க்கர் என்று பெயர். சின்ன மார்க்கர் என்று வேறு யாரும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். பெட்ரோல் இல்லாததால் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வருகிறார்களாம். வந்து இறங்கும்போது பாதிப்பேர் அடுப்பு ஊதினவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். சேலத்து செகரட்டரி முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டார். “போன வருஷம் போல உங்கள் மார்க்கரோடேயே நான் ஆடுகிறேன்” என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு நம் மெம்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். “நாச்சிமுத்து விலைபோய்விட்டான், சேலத்துக்காரனிடம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான்” என்று இந்த ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் நீங்கள் செத்தீர்கள். பாவாயி அதைப் பால் ஊற்றப் போகிற வீடுகளிலெல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை சொல்லமாட்டேன். நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன், மாப்பிள்ளை. வெளியே யார் சொன்னாலும் சண்டைக்குப் போனேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், ‘அந்த அடி தவறிப்போன அடியில்லையே’ என்று உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் கையைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் யார்? தெரிந்ததனால்தான் சந்தேகம் வந்தது.

அந்த ஆட்டம் நம் கிளப்புக்கு வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? ரங்கூனிலிருந்து மாற்றலாகி வந்த என்ஜினியர் ஒரு பெட்டி பந்து கொண்டுவந்தார். சிவப்பு ஏழு, மஞ்சள் ஏழு, கறுப்பு ஒன்று. அதற்குமுன் இங்கே மூன்று பந்து ஆட்டம்தான். புது ஆட்டத்தின் சட்டம் ஒரு பிடிக்குள் அடங்கும். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றதைப் பைக்குள் தள்ள வேண்டும். சிவப்பு ஒருவருக்கு, மஞ்சள் ஒருவருக்கு. தன் ஏழையும் போட்ட பிறகு கறுப்பைப் போட்டவர் ஜெயித்தவர். நடுவில் கறுப்பு விழுந்தால் ஆட்டம் போச்சு. பந்து விழுகிறவரை அவரே அடிக்கலாம். தவறினால் எதிராளி முறை.

மெம்பர்களுக்குக் குஷி தாங்கவில்லை. எது பையின் வாயில் நிற்கிறதோ அதைப் போடுவது, அடுத்தது எது என்று தேடுவது, ஐந்தாறு போட்டுவிட்டு ஒன்று எங்கேயோ சிக்கிக்கொண்டதும் தலையைச் சொறிவது. நீங்கள் மட்டும் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். துணிக்கு இஸ்திரி போட்டு, பிரஷ் தேய்த்து முடித்த பிறகு, துணி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மார்க்கர்கள் பந்து உருட்டலாம் என்று ஒரு சலுகை இருந்ததே, அந்த மத்தியான வேளைதான் நமக்குப் பள்ளிக்கூடம். இஸ்திரி அரைமணி, பந்து உருட்டல் இரண்டு மணி. வாத்தியார் கிடையாது. நான் அடிப்பேன், நீங்கள் குற்றம் சொல்வீர்கள். நீங்கள் அடிப்பீர்கள், நான் அதைவிட அதிகமாகச் சொல்வேன். நான் உங்களைவிட நாலு வயசு மூத்தவன் என்பதை ஒருநாளும் மதித்ததில்லை நீங்கள்.

“ஏனுங்க மச்சான், எதுக்கு அந்த மஞ்சளைப் போட்டீங்க?” என்றீர்கள் ஒருநாள்.

“பை வாயில நின்னுச்சு, போட்டேன். வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்களா?”

“அது எங்கீங்க ஓடிப்போகுது? நாளைக்கும் அங்கயேதான் நிக்கும். அது நிக்கிறவரைக்கும் அந்தப் பையில எதிர்ல ஆடற ஐயாவோட சிவப்பு விழுகாதுங்க. காவக்காரனை நீங்களே ஊட்டுக்கு அனுப்பிப்போட்டீங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நீங்கள் பந்துகளைப் பழையபடி வைத்துக் காட்டினீர்கள். கறுப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னீர்கள். அதை எந்தப் பையில் போடுவது, அதற்கு வெள்ளை எங்கே வந்து நிற்க வேண்டும், அங்கே வெள்ளையைக் கொண்டுவந்து விடுகிற மஞ்சள் எது, அதற்கு முந்தினது எது என்று கடைசியிலிருந்து பின்னாலேயே நடந்துவந்தீர்கள். நடந்து முடித்த இடத்தில் நின்று, “இப்ப அடிங்க” என்றீர்கள். கோலைக் கையில் எடுப்பதற்குள் ஒரு ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒட்டிக்கொண்டு கிடக்கிற பந்துகளை முதலிலேயே பிரிக்க வேண்டும், போட வேறு பந்து கையில் இருக்கும்போதே பிரிக்க வேண்டும். ஏழையும் முடிக்க வழி தெரியவில்லை என்றால் ஆறைப் போட்டுவிட்டு எதிராளிக்கு மேஜையைக் காலி பண்ணிக் கொடுக்கக் கூடாது. அப்போது வெள்ளையைக் கொண்டுபோய் அவருக்கு உதவாத இடத்தில் ஒளித்துவைக்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக, சண்டை போட்டுத்தான் கற்றோம். ஒரு நாள் ஒளித்துவைப்பது ஆண்பிள்ளைத்தனமா என்று நான் கேட்டதற்கு நீங்கள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்தோம்? சாயங்காலம் ஐந்து மணிக்கு மெம்பர்கள் வந்ததும் தோற்றோம்.

அது நம் உத்தியோகம். துணைக்கு ஆள் வராத மெம்பருக்கு மார்க்கர் துணையாக ஆட வேண்டும். ஆடித் தோற்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. முதல் வாரத்திலேயே புரிந்துவிடும், புரியாதவன் இரண்டாவது வாரம் இருக்கமாட்டான். சும்மா தோற்றால் மெம்பருக்கு ருசிக்காது. பக்கத்தில் வந்து தோற்க வேண்டும். நம் பந்து பையின் உதட்டில் பட்டு, உள்ளே போகிற மாதிரி ஆட்டம் காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். ஐயா “அடடா” என்று வருத்தப்பட வேண்டும். அதே அடியில் வெள்ளை உருண்டுபோய் அவருக்குத் தோதான இடத்தில் நிற்க வேண்டும். டாக்டருக்குக் கை எட்டாது, அவருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். டெபுடி தாசில்தாருக்குத் தொந்தி முட்டாத இடம். வக்கீல் ஐயாவுக்கு இடது கண் மட்டம், வலது மூலையில்தான் நேராக வைத்துக் கொடுக்க வேண்டும்.

பைக்குள் போடுவதைவிட உதட்டில் நிறுத்துவது கஷ்டம். அதை உங்களைப்போலச் செய்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே இல்லை. பன்னிரண்டு வருஷம் செய்தீர்கள். ‘நாச்சிமுத்துவோடு ஆடினால்தான் ஆட்டம்’ என்று வக்கீல் ஐயா சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வராமல் இருக்க, கோல் நுனியில் தேய்க்கிற சுண்ணாம்புக் கட்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வீர்கள்.

போன வருஷம் தை மாதம் சேலத்துக்காரர்கள் வந்தார்கள். மெம்பர்கள் ஆடி முடித்து இரண்டு பக்கமும் சமம். கடைசியாக மார்க்கர்களுக்குள் ஒரு ஆட்டம் என்று ஏற்பாடு. அவர்கள் மார்க்கருக்கு ஜுரம் என்று வரவில்லை. அதனால் சேலத்து செகரட்டரியே கோட்டைக் கழற்றிவிட்டுக் கோலை எடுத்தார். கிளப் தலைவர் என்ற முறையில் வக்கீல் ஐயா உங்களிடம் வந்து, “நாச்சிமுத்து, இன்னைக்கு ஜெயிக்கணும்டா, விட்டுடாதே” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “ஆகட்டுங்க சாமி” என்றீர்கள்.

நீங்கள் ஆடியதை இன்னும் ஒவ்வொரு அடியாகச் சொல்வேன். ஆறு மஞ்சள் விழுந்துவிட்டது. அவருக்கு இன்னும் மூன்று சிவப்பு பாக்கி. உங்களுக்குக் கடைசி மஞ்சள், அப்புறம் கறுப்பு. மஞ்சள் மூலைப் பைக்கு நேராக நின்றது. அதைப்போல ஆயிரம் போட்டிருப்பீர்கள். அடித்தீர்கள். மஞ்சள் பையின் உதட்டில் பட்டது, உள்ளே போகிற மாதிரி ஆடியது, நின்றது. வெள்ளை உருண்டுபோய், செகரட்டரியின் சிவப்புக்குப் பின்னால், வலது மூலைக்கு நேராக, அளந்து வைத்தது போல நின்றது. அவர் மூன்று சிவப்பையும் போட்டார், கறுப்பையும் போட்டார்.

தவறிப்போன அடியென்றால் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். அது தவறிய அடி இல்லை என்று விளையாட்டுத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்தது. “எவ்வளவு அழகா வைச்சுக் கொடுத்தான் பாத்தியா” என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் இன்னொருவர், “எவ்வளவுக்கு?” என்றார். வக்கீல் ஐயா உங்களைப் பார்த்து, “நீ விலைபோவேன்னு நான் நெனைக்கலை” என்று சொன்னார். எல்லோர் முன்னாலும். நீங்கள் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏன் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளை? அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷன் குற்றமில்லாவிட்டால் இல்லை என்று சொல்லமாட்டானா? அதற்கப்புறம் நீங்கள் வேலைக்கு வந்தீர்கள், பிரஷ் தேய்த்தீர்கள், எண்ணிக்கை சொன்னீர்கள். யாரும் உங்களை ஆடக் கூப்பிடவில்லை. மத்தியானத்தில் நான் கோலை நீட்டினாலும் வாங்கவில்லை. பங்குனியில் விஷஜுரம் வந்தது. பதினெட்டாம் நாள் காலையில் போய்விட்டீர்கள். ஜுரத்தில், “என்ற கை செஞ்சுபோட்டுதுங்க மச்சான், நான் செய்யலீங்க” என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னீர்கள். ஜுரத்தில் பிதற்றுகிறீர்கள் என்று நினைத்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டேன்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். சேலத்துக் கடிதம் வந்ததும் திங்கட்கிழமை மத்தியானம் வக்கீல் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“செங்கோடா, ஞாயித்துக்கிழமை நீ ஆடறியா?”

“ஆடறேனுங்க.”

“உன் மாப்பிள்ளை மாதிரி பண்ணமாட்டியே?”

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. “ஆட வச்சுப் பாருங்க சாமி” என்றேன். அவர் கோலை எடுத்தார். “என்னோட ஆடு. மெம்பர்னு பாக்காதே. நெஜமா ஆடு. ஜெயிச்சாத்தான் ஞாயித்துக்கிழமை” என்றார்.

ஜெயிக்க வேண்டும் என்று உறுதியாகத்தான் ஆடினேன். பாவாயி மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நீங்கள் சொன்னபடி கடைசியிலிருந்து எண்ணினேன். நாலு மஞ்சள் போட்டேன். ஐந்தாவதை அடித்தேன். அது பையின் உதட்டில் பட்டு, உள்ளே போகிற மாதிரி ஆடிவிட்டு நின்றது. வெள்ளை போய் ஒரு சிவப்புக்குப் பின்னால், வலது மூலைக்கு நேராக, வக்கீல் ஐயாவின் நல்ல கண்ணுக்குத் தோதாக நின்றது.

நான் செய்யவில்லை, மாப்பிள்ளை. என் கை செய்தது.

நீங்கள் ஜுரத்தில் சொன்னது பிதற்றல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சேலத்து மனுஷன் வெறும் மார்க்கராக வந்திருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். கோட்டைக் கழற்றிவைத்த ஒரு ஐயா எதிரில் நின்றதும் பன்னிரண்டு வருஷப் பழக்கம் தன் வேலையைப் பார்த்துவிட்டது. வாய் ‘ஆகட்டுங்க சாமி’ என்று சொன்னதை, கை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே! இதைவிடப் பெரிய வார்த்தை எனக்கு எழுதத் தெரியவில்லை: என்னை மன்னித்துவிடுங்கள்.

வக்கீல் ஐயா அந்தச் சிவப்பைப் போட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு மஞ்சளைப் பார்த்தார், வெள்ளை நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். வக்கீல் அல்லவா, புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று.

“இது… தவறினதா, நீ வச்சதா?”

“வச்சதுங்க. ஆனா நான் வைக்கலீங்க. கை வச்சுபோட்டுது. மெம்பருங்களோட ஆடறப்ப இப்படித்தானுங்க வைப்போம். எங்க மாப்பிள்ளையும் இப்படித்தான். அவருக்குச் சேலத்துக்காரங்க ஒண்ணும் குடுக்கலீங்க. நீங்கெல்லாம் பழக்கிவிட்ட கை அது. அவ்வளவுதானுங்க.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கோலை மேஜைமேல் வைத்தார், மறுபடி எடுத்தார். “பந்தை அடுக்கு. இன்னொரு ஆட்டம்” என்றார்.

அடுக்கினேன். அவர் முதல் அடி அடித்துக் குவியலை உடைத்தார், ஒன்றும் விழவில்லை. நான் மேஜையைச் சுற்றி நடந்தேன். கையை என்ன செய்வது என்று யோசித்தேன். ‘வைக்காதே, வைக்காதே’ என்று சொன்னால் அது கேட்காது. அப்போது உங்கள் குணத்தில் ஒரு குறும்பு எனக்கும் வந்தது. இந்தக் கைக்கு அடுத்த அடி அடிக்கிற ஐயாவுக்குத் தோதாக வெள்ளையை வைக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். வைக்கட்டும். அடுத்த அடி அடிக்கப்போகிற ஐயா யார்? செங்கோடன்தான். செங்கோட ஐயாவுக்குக் கை எவ்வளவு தூரம் எட்டும், எந்தக் கண் மட்டம், எந்தப் பை பிடிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே மெம்பர், நானே மார்க்கர் என்று வைத்துக்கொண்டேன்.

கறுப்பு மேல் பக்கத்து மூலைக்கு அருகில் கிடந்தது. அதற்கு முந்தின பந்து வலது நடுப்பை மஞ்சள். மேஜை விளிம்போரம் ஒரு சிவப்போடு ஒட்டிக்கிடந்த இரண்டு மஞ்சளை, இரண்டாவது அடியிலேயே வெள்ளையை மோதவிட்டுப் பிரித்தேன். கீழ் மூலையில் வாயில் நின்ற மஞ்சளைத் தொடவேயில்லை. அது காவலுக்கு நிற்கட்டும் என்று ஆறாவதாக வைத்துக்கொண்டேன். உங்கள் ஒட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வரவிட்டபோது பந்து இடப்பக்கம் சாய்ந்தது, எனக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ‘ஐயா எங்கே நிற்கப்போகிறார்’ என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். ஏழும் விழுந்தது. கறுப்பும் விழுந்தது. வக்கீல் ஐயாவுக்கு இரண்டாவது முறை கோலை நீட்டக்கூட வேலை வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“நாச்சிமுத்துவோட பன்னெண்டு வருஷம் ஆடியிருக்கேன் செங்கோடா. அதுல ஒரு ஆட்டமாவது நானா ஜெயிச்சிருப்பேனா?”

அறுபது வயசாகப்போகிறது அவருக்கு. பெண்டாட்டி போன பிறகு சாயங்காலத்தில் அவருக்கு இருக்கிற சந்தோஷமே அந்த மேஜைதான். கெட்ட மனுஷனும் இல்லை. நம் கல்யாணம் காரியத்துக்கெல்லாம் கொடுத்து உதவியவர்தான். ‘ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. இந்த நாக்கும் பன்னிரண்டு வருஷம் பழகின நாக்குதானே?

“இல்லீங்க” என்றேன். “ஒண்ணுகூட இல்லீங்க சாமி.”

அவர் எழுந்து அங்கவஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. எனக்கு வேறு எங்காவது வேலை தேடலாமா, இளம்பிள்ளை ஊருக்குப் போய்த் தறியில் உட்காரலாமா என்றெல்லாம் யோசித்தேன். பாவாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சொன்னது சரி. தறி நெய்யறதுன்னா நெய்யி. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறே?” என்றாள்.

நேற்று வியாழக்கிழமை காலையில் வக்கீல் ஐயா நம் வீட்டுக்கு வந்தார். எருமைத் தொட்டிக்குப் பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்க் கட்டிலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. பாவாயி சாணிக் கையோடு வெளியே வந்தாள்.

“அம்மிணி, உன் ஊட்டுக்காரரைப் பத்தி நான் சொன்னது தப்பு. அவன் விலைபோகலை. எங்களாலதான் அவனுக்கு அந்தப் பேர் வந்துது. மனசுல வச்சுக்காதே” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இது போதும் என்றே நினைத்தேன். ஒரு வக்கீல் நம் வாசலுக்கு வந்து இவ்வளவு சொன்னாரே என்று, அவர் காலில் விழக்கூடத் தயாராக இருந்தேன். பாவாயி கையைக் கழுவிக்கொண்டு நிதானமாக நிமிர்ந்தாள்.

“ஏனுங்க சாமி, என்ற ஊட்டுக்காரரைத் திட்டினது இங்கயா, கிளப்புலயா?”

“கிளப்புலதான்.”

“அங்க எத்தனை பேரு இருந்தாங்க?”

“எல்லாரும் இருந்தாங்க. சேலத்துக்காரங்களும் இருந்தாங்க.”

“அப்ப அங்க சொல்லுங்க. அவங்க இருக்கறப்பவே சொல்லுங்க. எருமைக்கு முன்னால சொல்லி என்னுங்க ஆகப்போகுது?”

வக்கீல் ஐயாவுக்கு முகம் சிவந்தது. பிறகு தலையை ஆட்டினார். “ஞாயித்துக்கிழமை சொல்றேன்” என்றார். போகும்போது என்னைப் பார்த்து, “நீதான் ஆடறே” என்றார். அவர் போனதும் பாவாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அவர் சொல்வாரா? எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. எருமைத் தொட்டி ஓரத்தில் சொல்வது வேறு, சேலத்துப் பெரிய மனுஷர்களும் நம் டாக்டரும் டெபுடி தாசில்தாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சொல்வது வேறு. ‘பன்னிரண்டு வருஷமாக மார்க்கர்கள் எங்களை ஜெயிக்கவைத்தார்கள்’ என்று ஒரு மனுஷன் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவர் ஒருவர் ஆட்டம் மட்டுமில்லை, அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் ஆட்டமும் அதில் போய்விடும். சொல்வதாக இருந்தால் அவர் பெரிய மனுஷர். சொல்லாமல் கனைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். பந்தை அடுக்கியதும் கோலோடு நிற்பேன். வக்கீல் ஐயா வாயைத் திறக்கக் காத்திருப்பேன். அவர் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டால் நான் சொல்வேன். ‘எங்க நாச்சிமுத்து மாப்பிள்ளை விலைபோகலீங்க. உங்களுக்காகத் தோத்துத் தோத்துப் பழகின கை அவருது’ என்று சேலத்து செகரட்டரியின் முகத்துக்கு நேராகச் சொல்வேன். வெளியே போ என்றால் போகிறேன். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போவேன். அந்த மேஜையில் ஒரு பந்துகூட இனி யாருக்காகவும் உதட்டில் நிற்காது. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. தோற்றால்கூட நானாகத் தோற்றேன் என்றுதான் இருக்கும்.

பாவாயியும் வருகிறாள். கிளப்புக்குள் பெண்பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றேன். “ஜன்னல் இருக்குதல்ல?” என்றாள்.

இப்படிக்கு,
உங்களை ஒருமுறை சந்தேகப்பட்டு, இனி ஒருபோதும் சந்தேகப்படாத,
பாவாயியின் அண்ணன், உங்கள் மச்சான்
செங்கோடன்